குதிரைக்கு யாரு புல்லு அறுத்தா?

பொன்னியின் செல்வனை நான் இதுவரை நான்கு முறை முழுசாகப் படித்திருக்கிறேன். இதைச் சொன்னால் நம் தோழர்கள் சிலருக்குப் பிடிப்பதில்லை. "அது ராசா கதை, பார்ப்பனியப் பிரதி, அதைப் போயி நாலு தடவையா?" என்கிறார்கள். இப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அதைப் படிக்காதவர்கள். படித்தவர்களோ, பதினைந்து வயதில் தாங்கள் அதைச் சிம்னி விளக்கில் கண் எரிய எரியப் படித்ததை வெளியே சொல்வதில்லை. நமக்கு அது பிடித்திருந்தது. அப்படிப் பிடித்திருந்தது என்று சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தப் பிடித்தலையும் வெட்கத்தையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கம். வீராணம் ஏரிப் பாசனம். கதை தொடங்குவதே எங்கள் ஏரிக்கரையில்தான். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரை மேல் அந்தக் கரையோடு வருகிறான். ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களிலும் தண்ணீர் பாய்வதைப் பார்க்கிறான். அன்று ராத்திரி கடம்பூர் மாளிகையில் தங்குகிறான். கடம்பூர் எங்களுக்கு நடந்து போகிற தூரம். பாடப் புத்தகத்தில் எங்கள் பக்கத்து ஊர் எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. ஒரு கதைப் புத்தகத்தில் எங்கள் ஏரி வருகிறது, நாங்கள் மீன் பிடிக்கிற மதகு வருகிறது என்றால் பதிமூன்று வயதுப் பையனுக்கு எப்படி இருக்கும்! மறுநாள் காலையில் கரை மேல் நடந்தபோது கால் தரையில் பாவவில்லை.

அந்தப் புத்தகம் எனக்கு வந்த வழியைச் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் சேரியில் யார் வீட்டிலும் பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகம் கிடையாது. எங்க ஆயா (அப்பாவின் அம்மா) ஊர்த்தெருவில் ஒரு வீட்டுக்குப் புல்லுக்கட்டு போடும். மூன்று மாடுகளுக்கு நாளைக்கு இரண்டு கட்டு. அந்த வீட்டு ஆச்சிக்குக் கதை படிக்கிற பழக்கம் உண்டு. கல்கி பத்திரிகையில் வாரா வாரம் வந்ததைக் கிழித்துத் தைத்து, மணியம் படங்களோடு, பாகம் பாகமாகப் பைண்டு பண்ணி வைத்திருந்தார்கள். ஆயா ஒருநாள், "ஆச்சி, எம் பேரப்புள்ள படிக்கிறதுக்குக் கதப் பொஸ்தவம் கேக்குறான்" என்று சொல்லியிருக்கிறது. ஆச்சி கொடுத்துவிட்டார்கள். நல்ல மனசு, மறுக்கவில்லை. ஆனால் புத்தகம் வாசல் வழியாக வரவில்லை. பழைய சோறு வருகிற கொல்லைப்புற வழியாகத்தான் வந்தது. மாட்டுக்கொட்டகைத் திண்ணையில் ஆச்சி வைத்துவிட்டு நகர்ந்த பிறகு ஆயா எடுத்துக்கொள்ளும். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே திண்ணையில் வைக்க வேண்டும். ஆச்சி செம்பிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணி தெளித்துவிட்டு எடுப்பார்கள். அட்டையில் தண்ணி பட்ட இடம் பாகத்துக்குப் பாகம் உப்பியிருக்கும். நாங்கள்தான் நனைத்துவிட்டோமோ என்று முதலில் பயந்தேன். ஒருநாள் ஆயாவோடு போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

ஒரு பாகத்துக்கு ஒரு புல்லுக்கட்டு அதிகப்படியாகப் போடுவது என்று ஆயா தானாகவே வைத்துக்கொண்டது. ஆச்சி கேட்கவில்லை. "சும்மா வாங்கக் கூடாதுடா" என்று மட்டும் சொல்லும்.

ராத்திரி சாப்பிட்டதும் ஆயாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். ஆயாவுக்கு ஊமை ராணி மந்தாகினியை ரொம்பப் பிடித்தது. அவள் செத்த ராத்திரி அது அழுத அழுகையில் எங்க அம்மா எழுந்து வந்து, "என்னடா ஆச்சு கெழவிக்கு?" என்று கேட்டது. மறுநாள் கொல்லைப்புறத்தில் எருக்குழிக்கு இந்தப் பக்கம் ஆயாவும் அந்தப் பக்கம் ஆச்சியும் நின்றுகொண்டு மந்தாகினியைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்களாம். ஆச்சியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். ஆயா இதைச் சந்தோஷமாக வந்து சொன்னது. ஒரே கதைக்கு இரண்டு கிழவிகள் அழுதிருக்கிறார்கள். நடுவில் எருக்குழி.

கேள்வி கேட்டதும் ஆயாதான். இரண்டாம் பாகம் படித்துக்கொண்டிருந்தபோது என்று ஞாபகம். வந்தியத்தேவன் மறுபடியும் குதிரை ஏறுகிறான். ஆயா வெத்திலையை மென்றுகொண்டே கேட்டது: "ஏன்டா, இவன் கடம்பூருக்குப் போனான், தஞ்சாவூருக்குப் போனான், பழையாறைக்குப் போனான். போற எடமெல்லாம் இவனுக்குச் சோறு போடுறாங்க. அந்தக் குதிரைக்கு யாருடா புல்லு அறுத்தா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அதெல்லாம் கதையில வராது ஆயா" என்றேன். ஆயா சிரிக்கவில்லை. "மூணு மாட்டுக்கே எனக்கு முதுகு ஒடியுது. குதிர வயிறு பெருசு. ஒரு ஆளு அறுத்திருக்கணும்" என்றது. பிறகு, "சரி, நீ படி" என்றது.

எங்க சின்னத் தாத்தா, ஆயாவுக்குத் தம்பி, இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மாப் பக்கம் போய் வந்தவர். மெட்ராஸ் சாப்பர்ஸ் படை. அந்தப் படையில் நம் ஆட்கள் ரொம்பக் காலமாகச் சேர்ந்துவந்தார்கள். சண்டைக் கட்டம் படிக்கும்போது அவரைக் கூப்பிடுவோம். இரண்டு வீரர்கள் கத்தியை உருவிக்கொண்டு பக்கம் பக்கமாக வசனம் பேசுவதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். "சண்டையில யாருடா இவ்ளோ பேசுவான்? சண்டைன்னா மண்ணு வெட்டுறது. பாலம் போடுறது. மழையில நனஞ்ச கட்டைய நாலு பேரு தூக்குறது. ராத்திரி வயித்தால போறது. அவ்ளோதான்" என்பார். யுத்தத்துக்குப் போய்விட்டு லீவில் பூட்ஸ் காலோடு வந்தவரை ஊர்த்தெரு முனையில் நிறுத்திக் கழற்றச் சொன்னார்களாம். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாராம். இதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் மத்தியானம் கதை சொல்வது நான்தான். ஊர்ப் பிள்ளைகளில் யாரும் அப்போது படித்திருக்கவில்லை. வேப்பமரத்தடியில் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கதை முடிந்ததும் அதையே விளையாடுவோம். ஒருத்தன் வந்தியத்தேவன், ஒருத்தன் பெரிய பழுவேட்டரையர், ஒருத்தன் ஆழ்வார்க்கடியான். நான் என்ன என்று கேட்டேன். "நீ குதிர" என்றார்கள். மண்டியிட்டேன். முதுகில் வந்தியத்தேவன் ஏறிக்கொண்டான். முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. அதை இப்போது நினைத்தால் உடம்பு எரிகிறது. ஆனால் ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. குதிரையாக இருந்தாலும் கதைக்குள்ளே இருந்தேனே என்று சந்தோஷமாக இருந்தது. நம்மிடம் இந்த நாவல்கள் செய்த வேலை இதுதான். நம்மை மண்டி போட வைத்தன; அதை ஒரு சந்தோஷமாகவும் ஆக்கின.

வளர்ந்த பிறகு யோசித்தேன். கதையில் ஏழைகளே இல்லையா? இருக்கிறார்கள். சேந்தன் அமுதன் இருக்கிறான், பூமாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கிறவன். படகோட்டிப் பெண் பூங்குழலி இருக்கிறாள். இரண்டு பேரும் எனக்குப் பிடித்தவர்கள். ஆனால் கடைசியில் அமுதன் யார்? கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த பிள்ளை, நிஜமான இளவரசன். பூங்குழலி அவனைக் கட்டிக்கொண்டு ராணி ஆகிறாள். ஏழை ஒருத்தன் நல்லவனாக, அறிவாளியாக இருந்தால் அவன் ராஜா வீட்டு ரத்தமாகத்தான் இருக்க வேண்டும். ரத்தம் இல்லாமல் குணம் வராது. சாதிக்கு இதைவிட நல்ல வக்கீல் யார்? சாண்டில்யனின் கடல் புறாவைக் கல்லூரி விடுதியில் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். கப்பல் கப்பலாக வருகிறது. துடுப்புப் போட்டவன் முகம் மட்டும் ஞாபகத்தில் நிற்கவில்லை.

அப்புறம் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தது. 1991. அந்த வருடங்களில் கூட்டங்கள், வாசிப்பு வட்டங்கள், சிற்றிதழ்கள். 'எதிர்வாசிப்பு' என்ற வார்த்தையை அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஆயா செய்ததற்குப் பேர் அதுதான் என்று தோன்றியது. நண்பர் ஒருவர் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியைக் காட்டினார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள். ஹுல்ஷ் 1891-லேயே அச்சிடத் தொடங்கியது. கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி கிடையாது என்று ராஜராஜன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஊர் நத்தம், குளம், வாய்க்கால். அந்த வரிசையிலேயே கம்மாணச்சேரி வருகிறது, ஈழச்சேரி வருகிறது, பறைச்சேரி வருகிறது. உழப்பறையர் என்று வருகிறது. தீண்டாச்சேரி என்றும் வருகிறது. சுடுகாடு தனி, பறைச்சுடுகாடு தனி.

அதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபமில்லை. கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், ஒருவித நிம்மதி வந்தது. நாம் இருந்திருக்கிறோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தக் குதிரை ஓடிய பாதையோரம் சேரி இருந்திருக்கிறது. புல்லு அறுக்க ஆள் இருந்திருக்கிறது. 'கதையில வராது ஆயா' என்று சொன்னேனே, கல்லில் வருகிறது! கோபம் பிறகுதான் வந்தது. கல் பொறித்தவனுக்குத் தெரிந்த சேரி கதை எழுதியவருக்குத் தெரியாமல் எப்படிப் போயிற்று? கல்கி சரித்திர நூல்களைப் படித்துத்தான் எழுதினார். எந்த ராஜாவுக்கு எந்தப் பட்டம், யாருக்கு யார் மாமன் மச்சான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கல்வெட்டிலிருந்து ராஜாவை எடுத்துக்கொண்டார், ராணியை எடுத்துக்கொண்டார், கொலைகாரனைக்கூட எடுத்துக்கொண்டார். சேரியை மட்டும் கல்லிலேயே விட்டுவிட்டார்.

கொலைகாரன் என்றதும் இன்னொன்று. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் பற்றிய கல்வெட்டு எங்கள் பக்கத்து உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பேர் பேராக வருகிறது. ரவிதாசனுக்குப் 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்று பட்டம், பிராமண அதிகாரிகளுக்குக் கொடுக்கிற பட்டம். நாவலில் அவனை மந்திரவாதியாக, ராத்திரியில் ஆந்தை மாதிரி கத்துகிறவனாகப் பார்த்துப் பயந்த எனக்கு இது பெரிய அதிர்ச்சி. கல்வெட்டு சொல்வது அவர்களுடைய, அவர்களின் உறவுக்காரர்களுடைய நிலங்களைப் பறிமுதல் செய்ததைப் பற்றி. தண்டனையாகப் பறிப்பதற்கே முதலில் நிலம் வேண்டும். கொலை செய்தவனுக்கு அது இருந்தது. ஏரி வெட்டியவனுக்கு?

ஆயா 1989-இல் செத்தது, ஐப்பசி அடைமழையில். எங்கள் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. ஊர்ச் சுடுகாட்டுக்குப் போகிற ரோட்டில் எங்கள் பிணம் போகக் கூடாது. வயல் வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனோம். முழங்கால் அளவு சேறு. நடவு நட்ட வயல். பயிரை மிதித்தால் வயல்காரன் சண்டைக்கு வருவான் என்று வரப்பிலேயே ஒற்றைக் காலாக வைத்து வைத்து நடந்தோம். இரண்டு தடவை பாடை சாய்ந்தது. பிறகு சில வருஷம் கழித்து அந்தக் கல்வெட்டில் 'பறைச்சுடுகாடு' என்ற வார்த்தையைப் படித்தபோது எனக்கு வரலாறு ஞாபகம் வரவில்லை. ஆயா பாடையில் சாய்ந்ததுதான் ஞாபகம் வந்தது. ஆயிரம் வருஷத்துச் சொல் அப்படியே உயிரோடு இருக்கிறது.

இன்னொரு கணக்கும் பார்த்தேன். பொன்னியின் செல்வன் தொடராக வந்தது 1950-இலிருந்து 1954 வரை. அதே வருஷங்களில் அதே பொன்னி நதிப் பாசனத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? அதற்குக் கொஞ்சம் முன்பு, 1940-களில்தான், கீழத்தஞ்சைப் பண்ணையாட்கள் சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்துச் செங்கொடிச் சங்கம் கட்டினார்கள். சீனிவாசராவ் சேரி சேரியாக வந்து தங்கினார். களப்பாள் குப்பு போன்ற நம் ஆட்களே சங்கத்தை முன்னால் நின்று நடத்தினார்கள். தொடர் வந்துகொண்டிருந்த 1952-இல்தான் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தது கல்கி குருவாக நினைத்த ராஜாஜியின் அரசாங்கம். தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கம் வாராவாரம் சோழ நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அதே நேரத்தில், சோழ நாட்டுப் பண்ணையாள் அரைப்படி நெல் கூலி உயர்வுக்காகக் களத்துமேட்டில் நின்றான். இரண்டும் ஒரே மண். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தியதும், பொன்னியின் செல்வன் காய்ச்சலுக்கு மருந்து சாப்பிட்டுப் படுத்திருந்த நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில்தான்.

'கதையைக் கதையாகப் படி, கல்கி நல்ல மனுஷர்' என்று சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனவர். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இருந்தவர். தீண்டாமை நல்லது என்று சொன்னவரில்லை. என் கேள்வியே அதுதான். தன் காலத்துத் தீண்டாமையைப் பார்த்தவர், கடந்த காலத்துக்குப் போனதும் ஏன் கண்ணை மூடிக்கொண்டார்? சேரியை உள்ளே விட்டால் பொற்காலம் பொற்காலமாக நிற்காது. வந்தியத்தேவன் வழிதவறி ஒரு சேரிக்குள் குதிரையை விட்டிருந்தால், தாகத்துக்குத் தண்ணி கேட்டிருந்தால், கதை அங்கேயே வேறு கதை ஆகியிருக்கும்.

2022-லும் 2023-லும் மணிரத்னம் அதை இரண்டு பாகமாகப் படம் எடுத்தார். எங்கள் சேரிப் பையன்கள் சிதம்பரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அப்புறம் ராஜராஜன் படம் போட்ட பனியன். ஐப்பசி சதயத்துக்கு ஆளாளுக்கு போஸ்டர் ஒட்டுகிறார்கள், எங்க சாதி ராஜா, எங்க சாதி ராஜா என்று. நம் பையன்களில் சிலரும் அந்த வரிசையில் போய் நிற்கிறார்கள். ராஜராஜன் நம்ம ஆளு என்று நிரூபித்துவிட்டால் கௌரவம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அவர்களை நான் திட்ட மாட்டேன். குதிரையாக இருந்து பார்த்தவன் நான். கதைக்குள்ளே ஒரு இடம் வேண்டும் என்ற தவிப்பு எனக்குத் தெரியும். ஆனால் 2019-இல் இயக்குநர் பா.ரஞ்சித், ராஜராஜன் காலத்தில்தான் எங்கள் நிலம் பறிக்கப்பட்டது என்று ஒரு மேடையில் பேசியதற்கு அவர் மேல் வழக்குப் போட்டார்கள். ராஜாவை வாழ்த்த எல்லாச் சாதிக்கும் உரிமை இருக்கிறது. நிலக்கணக்கு கேட்டால் மட்டும் போலீஸ் வருகிறது.

என் தம்பி பேத்தி போன மாதம் அந்தப் புத்தகத்தைக் கேட்டாள். பத்தாவது படிக்கிறாள். கொடுக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கொடுத்தேன். படிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏரியும் குதிரையும் பூங்குழலியின் படகும் அவளுக்கும் வேண்டும். ஆயாவும் அதை ரசித்துத்தான் கேட்டது, ரசித்ததால்தான் அந்தக் கேள்வியும் வந்தது. வெளியே நின்று ஏசுகிறவனுக்கு அந்தக் கேள்வி வராது.

கொடுக்கும்போது ஆயாவின் கதையையும் சொன்னேன். திண்ணை, செம்புத் தண்ணி, அதிகப்படிப் புல்லுக்கட்டு எல்லாம். முழுசாகக் கேட்டுவிட்டு அவள், "தாத்தா, இத ஏன் யாரும் எழுதல?" என்றாள்.

அதனால்தான் எழுதினேன். கல்கியையும் சாண்டில்யனையும் அகிலனையும் படித்து வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறோம். எந்தக் கொல்லைப்புற வழியாகப் புத்தகம் வந்தது, எந்தப் பக்கத்தில் அழுதோம், எந்தப் பக்கத்தில் நம்மைத் தேடினோம் என்று நீங்களும் எழுதுங்கள்.